நடை சாத்தும் நேரம்

1

எங்கள் வீட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கேமரா மாட்டியிருக்கிறது. அதன் மேல் ஒரு பச்சை ரவிக்கைத் துண்டு தொங்குகிறது. அதை நான் தொங்கவிட்டு இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன இது என்று கேட்கிறார்கள். மகன் சிரித்து மழுப்புகிறான். மருமகள், காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றுகிறாள். நேரில் பதில் சொல்ல எனக்குக் கூச்சம். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. அதனால் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில் எங்கள் ஊர். என் அம்மா கூலிக்கு நட்டாள். நானும் நட்டேன். பிறகு நாங்களே கொஞ்சம் நிலம் வாங்கி எங்களுக்காக நட்டோம். அந்த நிலம்தான் செந்திலைப் படிக்க வைத்தது. அவன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா வந்து, விஜியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கினான். விஜி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். என் வீட்டுக்காரர் காலமானதும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நான் வரும்போது ஊர் வீட்டைப் பூட்டவில்லை. பக்கத்து வீட்டு மலர்க்கொடியிடம் சாவியைக் கொடுத்துப் புழங்கிக்கொள்ளச் சொன்னேன். வயலையும் அவள் குடும்பம்தான் பார்த்துக்கொள்கிறது. ஒரு தடவை மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். உடனே செந்தில் இங்கிருந்தே ஆள் வைத்து அங்கே கேமரா போட்டான். ஒன்று வாசலைப் பார்த்து, ஒன்று வயலைப் பார்த்து, ஒன்று கொல்லையைப் பார்த்து. அதெல்லாம் என் டேப்லட்டில் தெரியும்படி செய்து கொடுத்தான். என் பொழுது போகட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

பொழுது போனது. எப்படிப் போனதென்று எனக்கே தெரியவில்லை. இங்கே பொழுது சாயும்போது அங்கே விடியும். எல்லாரும் படுத்த பிறகு என் டேப்லட்டில் சூரியன் வரும். வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறதா, நாற்றங்காலில் கொக்கு இறங்குகிறதா, யார் வீட்டு மாடு வரப்பில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பகலில் சீரியல். நடுவில் கோயில் அபிஷேகங்கள் நேரலையில் வரும். பிரதோஷத்தைக்கூட நம் ஊர் சாயங்காலத்துக்கு, இங்கே விடிகாலையில் எழுந்து கும்பிட்டேன். என் உடம்புதான் ஒஹாயோவில் இருந்தது. கண் இரண்டும் ஊரில் இருந்தன.

மலர்க்கொடிதான் முதலில் குத்திக் காட்டினாள். கொல்லையில் ஏன் துணி காயவே இல்லை என்று போன் போட்டு விசாரித்தேன்.

“எங்க அக்கா காயப்போடறது? தலைய விரிச்சுப்போட்டு ஒரு நாழி உக்கார முடியல. ஓட்டு மேல ஒக்காந்து நீங்க பாத்துட்டே இருக்கீங்க. முன்ன மாமியாரு இருந்தப்பகூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்ல” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பார்ப்பதை நிறுத்தவில்லை.

2

பிறகு கண் எரிய ஆரம்பித்தது. மணல் விழுந்தது போல உறுத்தல். பிடரியிலிருந்து நெற்றி வரைக்கும் வலி. ஒரு நாள் மாடிப்படியில் கடைசிப் படி இரண்டாகத் தெரிந்து, இல்லாத படியில் காலை வைத்து உட்கார்ந்துவிட்டேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றைக்கே கூடத்தில் கேமரா வந்துவிட்டது. இந்தத் தடவை என்னைப் பார்ப்பதற்கு.

கண் டாக்டரிடம் போனோம். இந்த ஊரில் டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு கட்டுத் தாளை நிரப்ப வேண்டும். பிறந்த தேதி கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதான் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதே ஜூன் ஒன்றாம் தேதிதான். மொழிபெயர்க்க போனில் ஒரு தமிழ் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். “அம்மா, கண் கடிக்குதோ?” என்று கேட்டார். எதுவும் கடிக்கவில்லை, வீட்டில் கொசுவே இல்லை என்றேன். அரிக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார். இருவரும் பேசிச் சிரித்து முடிப்பதற்குள் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

டாக்டர் சொன்னது இதுதான். கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் நான் கண்ணைச் சிமிட்டுவதே இல்லை. திரையைப் பார்த்துப் பார்த்துச் சிமிட்ட மறந்துவிட்டது. கண் காய்ந்துவிட்டது.

தேவர்கள்தான் கண் இமைக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன்.

சொட்டு மருந்து கொடுத்தார். திரையைக் குறைக்கச் சொன்னார். யோகா மாதிரி ஏதாவது செய்தால் நல்லது என்றார். அது விஜிக்குப் பிடித்துக்கொண்டது.

3

விஜி சேர்த்துவிட்ட யோகா வகுப்பு டேப்லட்டில்தான் நடந்தது.

திரையால் வந்த நோய்க்குத் திரையிலேயே வைத்தியம். பாடம் எடுத்த பெண் கோயம்புத்தூர்க்காரி, நல்ல பெண். “எல்லாரும் கண்ண நல்லா மூடிக்கங்க. மூடிட்டு, நான் பண்றத பாத்து அப்படியே பண்ணுங்க” என்பாள். கட்டங்கட்டமாகத் தெரிந்த பெண்கள் எல்லாரும் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தார்கள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, என் கட்டத்தின் ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். காலை அகட்டி உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். “அம்மா, கூச்சப்படாதீங்க” என்று அவள் என் பெயரைச் சொல்லிச் சொன்னதும் எல்லாக் கட்டங்களும் என்னைப் பார்த்தன. அதோடு அந்த வகுப்புப் பக்கமே நான் போகவில்லை.

கூச்சம் ஒரு நோய் என்று இந்தக் காலத்தில் நினைக்கிறார்கள். எனக்கு அது நோயில்லை. என் வீட்டுக் கதவு அது. எப்போது திறப்பது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் வகுப்பை விட்டேனே தவிர, யோகாவை விடவில்லை. அவள் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக் கண் மேல் குவித்து வைப்பது. கழுத்தை அசைக்காமல் விழியை மட்டும் மேலும் கீழும் ஓட்டுவது. வண்டு மாதிரி வாய்க்குள்ளேயே ரீங்காரம் செய்வது. விளக்கேற்றி வைத்துச் சுடரைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி உள்ளே அதே சுடரைப் பார்ப்பது. கடைசியில் பிணம் மாதிரி நேராகப் படுத்துக் கிடப்பது. அதற்குப் பெயரே சவாசனம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு கோயில் விழாவுக்கு வந்து பேசிய ஒருவர், நம் நாட்டுப் பெண்கள் குனிந்து நாற்று நட்டதே பெரிய யோகாசனம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. குனிந்து நட்டவள் நான். நடவு என் இடுப்பை ஒடித்தது. யோகா அதை நிமிர்த்தியது. இரண்டும் ஒன்றென்று சொல்ல, இரண்டில் ஒன்றையாவது செய்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தத்துவமெல்லாம் நமக்கெதற்கு என்று எங்கள் தெருவிலேயே சொல்வார்கள். எங்கள் தெருவுக்கும் சிவன் கோயிலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். என் அம்மா அந்த வாய்க்காலைத் தாண்டி உள்ளே போய்க் கும்பிட்டதில்லை. அவளுக்கு நடை எப்போதும் சாத்தித்தான் இருந்தது. ஆனால் விசேஷ நாட்களில் கோபுரத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஒலிபெருக்கிக்குத் தெரு தெரியாது. உள்ளே உட்கார்ந்தவர்களுக்குச் சொன்னதெல்லாம், களை பறித்துக்கொண்டிருந்த எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு பெரியவர் கதை சொல்ல வருவார். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். கண்ணில் படுவது மாறும், கண்ணும் மாறும், அதைப் பார்த்து ஆடுகிற மனசும் மாறும், இது எல்லாம் மாறுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்று உள்ளே இருக்கிறது, அது மாறாது என்றார். ஐந்து வாசல் வழியாகவும் மனசு வெளியே ஓடுகிறது, சாத்தப் பழகு என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. எல்லா மடையையும் திறந்து போட்டால் வயலில் தண்ணீர் நிற்குமா? நான் அன்றைக்குக் கையில் கோரையோடு நிமிர்ந்து நின்று கேட்டேன். எந்த மடையும் அடைக்காமல் இத்தனை வருஷம் ஓடியாகிவிட்டது. இப்போது அடைக்கலாம் என்று ஒஹாயோவில் முடிவு செய்தேன்.

4

போன வருஷம் ஆடி மாதம், ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம். ஒரு மத்தியானம், அங்கே இருட்டியிருக்கும் என்று தெரிந்தும் பார்க்கக் கை துறுதுறுத்தது. டேப்லட்டை அணைத்துத் தலையணை உறைக்குள் திணித்தேன். போனை அரிசி வாளிக்குள் போட்டேன். கூடத்தில் பாயை விரித்தேன். விளக்கேற்றிச் சுடரைப் பார்த்தேன். கண் தளர்ந்ததும் விளக்கை நகர்த்தாமல் அப்படியே திரும்பி, கை கால் நீட்டிப் படுத்தேன். விளக்கு என் தலைமாட்டுக்கு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. அந்த மாதிரி ஓர் ஓய்வு எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. கண்ணுக்குள் எரிச்சல் இல்லை. எரிச்சலே இல்லை என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் சொன்னது இதுதானா என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவும் போய்விட்டது.

கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேராக நான்கு பூட்ஸ் கால்கள்.

ஒரு பெரிய ஆகிருதியான பெண், ஒரு ஆள், கையில் பெட்டிகள். வாசலில் சிவப்பு விளக்கு சுழல்கிறது. நான் அலறி எழுந்து முந்தானையைத் தேடினேன். அந்தப் பெண் என்னைப் படுக்கச் சொல்லித் தோளை அமுக்கினாள். பிரஷர் பார்த்தார்கள், விரலில் எதையோ மாட்டினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போகும்போது அந்தப் பெண் குனிந்து, விளக்கை வாயால் ஊதி அணைத்துவிட்டாள். அதுவரை தாங்கிக்கொண்டேன். அதற்குத்தான் எனக்கு மனசு பதைத்தது.

பின்னாலேயே செந்தில் ஓடிவந்தான். ஆபீசில் வேலைக்கு நடுவே கேமராவைப் பார்த்திருக்கிறான். நான் போனை எடுக்காததால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, கதவு திறக்கிற எண்ணையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். சட்டையெல்லாம் வியர்வை.

“நேரா படுத்திருக்க. அசையல. தலைமாட்டுல வெளக்கு எரியுது. நான் என்னம்மா நெனைக்கிறது?”

நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் விடவில்லை.

“ஏண்டா, செத்தவ தானே எழுந்து வெளக்கேத்தி வச்சிட்டா படுப்பா?”

“நீ படுப்பம்மா” என்றான். “நீ அப்படித்தான். யாருக்கும் தொந்தரவு வேணாம்னு எல்லாத்தையும் நீயே செஞ்சு வச்சிட்டுப் போயிடுவ.”

 பாயைச் சுருட்டினேன்.

5

சனிக்கிழமை என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வயதானவர்களைக் காலையில் வண்டி வைத்து அழைத்துப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுகிற இடம். நல்ல இடம்தான். சுத்தமாக இருந்தது, சிரித்த முகமாகப் பேசினார்கள். சுவரில் கதவு அளவுக்கு ஒரு டிவி. அது அணைவதே இல்லையாம். நாற்காலிகள் எல்லாம் அதைப் பார்த்துப் போட்டிருந்தன.

காரில் திரும்பும்போது செந்தில் நிதானமாகச் சொன்னான். ஒன்று, நான் அங்கே போக வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இருக்கலாம். ஆனால் போன் இடுப்பிலேயே இருக்க வேண்டும், கேமரா தெரிகிற இடத்திலேயே இருக்க வேண்டும், தரையில் படுக்கக் கூடாது.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நின்றேன்.  பெரியவர்களிடமும் படித்தவர்களிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத வாய். அவன் இரண்டுமாக இருந்தான், பெற்றது நான் என்றாலும்.

“செந்திலு, நம்ம ஊரு சிவன் கோயில்ல உச்சிகாலம் முடிஞ்சா என்ன பண்ணுவாங்க?”

“நடை சாத்துவாங்க. அதுக்கென்ன இப்ப?”

“ஏன் சாத்துறாங்க?”

“சாமிக்கு ரெஸ்ட்டு.”

“கண்ணே இமைக்காத சாமி. அதையே எந்நேரமும் பாத்துட்டிருக்கக் கூடாதுன்னு நடை சாத்துறாங்க. சண்டாளி எனக்குச் சாத்தக் கூடாதா?”

விஜி குனிந்து சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

“சாமிக்கு ஒண்ணும் ஆவாதும்மா. உனக்கு ஏதாவது ஆனா?”

“ஆனா ஆவட்டும். மத்தியானம் சாத்துவேன், நாலு மணிக்குத் தெறப்பேன். தெறந்ததும் நானே போன் பண்ணுவேன். பண்ணலன்னா ஓடி வா. அதுக்கு நடுவுல நீ பாக்குறது என்னையக் காப்பாத்துறதுக்கு இல்லடா. உன் பயத்துக்குத் தீனி போடுறதுக்கு. எம்மாவுக்கு அடுத்தவங்க கதவைச் சாத்துனாங்க. என் கதவ நான் சாத்திக்கிறேன். அது வேற, இது வேற.”

இவ்வளவு நீளமாக நான் என் வாழ்நாளில் பேசியதில்லை. பேசி முடித்ததும் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அப்போது விஜி மெதுவாகக் கேட்டாள். “அப்ப மலர்க்கொடி அக்காவுக்கு, அத்தை?”

குத்தலாகக் கேட்கவில்லை. நியாயமாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. டேப்லட்டில் வாய்க்கால் நிறைந்து ஓடுகிற வாரம். நாற்று இன்னும் விரல் அளவுகூட வளரவில்லை. அதை இனிமேல் பார்க்க மாட்டேன் என்று சொல்வதற்கு, மகனை எதிர்த்துப் பேசியதைவிட அதிக தைரியம் வேண்டியிருந்தது.

“அவ கொல்லையில இருக்கறத மொதல்ல கழட்டச் சொல்லு. வயக்காட்டுதும் வேணாம். வாசல்ல மட்டும் இருக்கட்டும், அதையும் அவளே பாத்துக்கட்டும்” என்றேன். தலையணை உறையிலிருந்து டேப்லட்டை எடுத்துச் செந்தில் கையில் கொடுத்தேன்.

ஏதோ ஒரு வளைகாப்பில் தாம்பூலத்தோடு வந்த பச்சை ரவிக்கைத் துண்டு பெட்டியில் கிடந்தது. துடைப்பக் குச்சியின் நுனியில் அதைச் செருகித் தூக்கி, கேமராவின் தலையில் போட்டேன். முதல் தடவை விழுந்துவிட்டது. இரண்டாம் தடவை நின்றது.

செந்தில் பார்த்துக்கொண்டே நின்றான். 

6

திங்கட்கிழமை நடை சாத்தினேன். விளக்கேற்றினேன். பாயில் படுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு யோகாவும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அரிசி வாளிக்குள் போன் முனகியது. நின்றது. மறுபடி முனகியது. எடுத்தால் அவனுக்கு நிம்மதி, எடுக்காவிட்டால் நாலு மணி வரைக்கும் வீடு எனக்கு. கண்ணை மூடியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடு என்று மனசு சொன்னது. எடுக்காதே என்றும் அதுவே சொன்னது. இரண்டையும் பார்த்துக்கொண்டு நான் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் ஓய்ந்தது. மனசும் ஓய்ந்தது.

நாலு மணிக்கு எழுந்து முகம் கழுவி, துணியை விலக்கிவிட்டு, அவனுக்குப் போன் போடும் முன் காற்றுக்காக வாசல் கதவைத் திறந்தேன்.

வாசலுக்கு எதிரே செந்திலின் கார் நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்தான். கதவு திறக்கிற எண் அவனுக்குத் தெரியும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்த்திருக்கலாம். வரவில்லை. போன் பக்கத்து இருக்கையில் குப்புறக் கிடந்தது. சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து அவன் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்ததை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கிட்டு விழித்தான்.

“நடை தெறந்தாச்சு. உள்ள வா.”

சீட்டை நிமிர்த்தினான். பிறகு, “பிரசாதம் ஏதாவது உண்டா?” என்றான்.

அடை வார்த்துக் கொடுத்தேன்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. கண்ணில் எரிச்சல் இல்லை. கண் டாக்டர், மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார். இருக்கட்டும், அவருக்கும் ஒரு பங்கு போகட்டும். பிரதோஷத்தை இப்போது இந்த ஊர் சூரியன் இறங்கும்போது கும்பிடுகிறேன். மலர்க்கொடி வாரம் ஒரு தடவை போனில் பேசுகிறாள். பயிர் தூர் கட்டுகிறது, எலி வெட்டுகிறது, கொல்லையில் தலை காயவைத்துக்கொண்டே பேசுகிறேன் அக்கா என்கிறாள். காதால் கேட்கும்போது வயல் இன்னும் பச்சையாக இருக்கிறது.

கேமரா சுவரில்தான் இருக்கிறது. கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. துணி எனக்குப் போதும். மத்தியானத்தில் இந்த வீட்டுக்கு யார் போன் செய்தாலும் எடுக்க மாட்டேன். ஊரிலிருந்து செய்கிறவர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு விடிந்ததும் கூப்பிடுங்கள், இங்கே நடை திறந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் செந்திலும் லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் ஒரு பாயை விரித்துக்கொண்டு படுக்கிறான். படுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும், வெளக்க மட்டும் கால்மாட்டுல வைம்மா என்கிறான்.

நான் தலைமாட்டில்தான் வைக்கிறேன். பழகிக்கொள்ளட்டும்.